தாளிப்பு நின்ற விடுதி

உலகத்தையே ஒரு சுற்று சுற்றிய ஃப்ளூ காய்ச்சல், ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லுக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் கல்லூரி விடுதியில் அதை முதலில் வாங்கிக்கொண்டவன் நான். காய்ச்சலோடு போயிருந்தால் பரவாயில்லை. மூட்டைப்பூச்சி கடித்து முதுகெல்லாம் தடித்துக் கிடந்தது.

சமையல்காரர் குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரர். முதுகைப் பார்த்ததும் ஆத்தா வந்திருக்கிறாள், இது அம்மைதான் என்று சொல்லிவிட்டார். ஃப்ளூவும் மூட்டைப்பூச்சிக் கடியும்தான் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஊசி போடுகிறவருக்கு ஆத்தாளைப் பற்றி என்ன தெரியும் என்று விடுதியே முடிவு கட்டியது.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, கறி வாசலை மிதிக்கக் கூடாது. விடுதியும் வீடுதானே! அத்தனை பேரும் தாளிக்காத சாம்பாரைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு என்னை முறைத்தார்கள். கெமிஸ்ட்ரி படித்தவன்கூட முதலில் என் கட்டிலைக் கும்பிட்டு, அப்புறம்தான் முறைத்தான். மிளகு ரசத்துக்கு ஏங்கிய என் தொண்டைக்குக் கிடைத்ததெல்லாம் இளநீரும் கம்பங்கூழும். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது.

அழுகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வாரம் என் அறைத்தோழனின் அக்காவுக்கு பேகம்பூரில் கல்யாணம். அந்த வீட்டு பிரியாணிக்காக ஒரு மாதமாக நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போகவிடவில்லை. தோழன் நல்லவன், பந்தி முடிந்ததும் பெரிய தேக்சா நிறைய பிரியாணியை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். சமையல்காரர் அவனை வாசலிலேயே மறித்தார். வாசனையை மறிக்க அவரால் முடியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கண்ணைச் செருகித் தலையைச் சுழற்றினேன். வேப்பிலைக் கொத்தோடு ஓடிவந்த சமையல்காரர், என்ன குறை தாயே என்று கேட்டார்.

"கறிச்சோறு கேக்குறேன்டா" என்றேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேக்சா உள்ளே வந்தது. தலைவாழை இலை போட்டு, பிரியாணியைக் குவித்து, சூடம் காட்டினார். நான் கையை நீட்டினேன். அவர் அதை மெல்லப் பிடித்து என் மடியிலேயே வைத்தார்.

"ஆத்தா சாப்ட்டா அப்பு. அம்மை கண்ட ஒடம்புக்குக் கறி ஆகாது. ஒனக்குக் கூழு இருக்கு."

படைத்தது பிரசாதமாகிவிட்டது. விடுதியே என் கட்டிலைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்து அதைச் சாப்பிட்டது. நான் கூழைக் குடித்துக்கொண்டே அவர்கள் மேல் இருமினேன்.

மறுவாரம் அத்தனை பேருக்கும் காய்ச்சல், அத்தனை பேருக்கும் கூழ். ஆத்தா என் பக்கம்தான் இருந்தாள்.