மௌன வேளையில் கேட்ட கார்

அன்பர்களே, நான் சுந்தரராஜன். இன்று நம் சங்ககிரி தியான மன்றத்தில் நடந்ததைத் தெரிவிக்கவே இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

காலை மௌன வேளையில் என் மனைவிக்கு நெஞ்சு வலித்தது. லாரி அதிபர் பழனியப்பரிடம், "ஆஸ்பத்திரிக்குப் போகோணும், உங்க கார் வேணுமுங்க" என்றேன். அவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

அந்நேரம் தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்தவர், "ஏனுங்க, சக்கரையே போடலீங்களா?" என்று சமையற்காரரைக் கேட்டார்.

"பேசிட்டீங்களே, இப்பவாவது காரைக் குடுங்க" என்றேன்.

"சித்த பொறுங்க சாமி, தியானம் இன்னும் முடியலீங்களே."

சாலையில் வந்த சரக்கு லாரியை மறித்து அவளை ஏற்றிச் சென்றேன். பிழைத்துக்கொண்டாள்.

இப்போது மருத்துவமனைக்குத் திரும்புகிறேன். நலம் விசாரிக்க விரும்பும் அன்பர்கள் வரலாம். அங்கே பேசுவதற்குத் தடையில்லை.