ஒரே இழுப்பு

என் அக்கா வீட்டுக்காரரை ஆட்டோ ஸ்டாண்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஒரே இழுப்பு’ என்றால்தான் தெரியும். அந்தப் பட்டத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டு, நிலைக்கும்வரை தினமும் நாலு பேரிடம் சொல்லிவந்தார்.

அவருடையது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. ராத்திரியெல்லாம் ஸ்டாண்டிலேயே நிற்கும். சாவியைத் திருகினால் மட்டும் கிளம்பாது. ஓட்டுகிறவர் இருக்கைக்கு இடப்பக்கம் தரையோடு ஒரு இரும்புக் கம்பி இருக்கும். குனிந்து அதைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். அதிலும் காலையில், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது, நல்ல பலம் வேண்டும். மற்றவர்கள் நாலைந்து தடவை இழுத்து, நடுநடுவே வண்டியின் பிறப்பையும் சந்தேகிப்பார்கள். அத்தான் ஒரே தடவைதான் இழுப்பார். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். உடனே சுற்றுமுற்றும் பார்ப்பார்.

“இருபத்தாறு வருஷம். ரெண்டாவது இழுப்புன்னா என்னன்னே இந்தக் கைக்குத் தெரியாது.”

பட்டனை அமுக்கினால் கிளம்புகிற புது வண்டிகளைப் பற்றிக் கேட்டால், “அது வண்டியா, மிக்ஸியா?” என்பார். ஸ்டாண்டுக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கிற பாவத்துக்கு இதையெல்லாம் நான் கேட்டாக வேண்டும். மச்சினனாகப் போன பாவத்துக்குத் தலையாட்டவும் வேண்டும்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவருடைய இடது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வலி போயிருக்கும், கூடவே பட்டமும் போயிருக்கும். ஆனால் எஞ்சினிடம் எதையும் மறைக்க முடியாதே! முழு மூச்சாக இழுத்தால் பிஸ்டன் உச்சியைத் தாண்டிப் போகும். பாதியில் கை சோர்ந்தால், தாண்டுவதற்குள் தீப்பொறி விழுந்து அதை வந்த வழியே திருப்பி அடித்துவிடும். அப்புறம் எஞ்சின் தலைகீழாகச் சுற்றும். டூ ஸ்ட்ரோக்குக்கு முன்னால் பின்னால் என்ற வெட்கமெல்லாம் கிடையாது. முதல் கியரைப் போட்டால் வண்டி பின்னால் ஓடும்.

முதல் தடவை அப்படி ஓடியபோது ஸ்டாண்டில் ஆறு பேர் இருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அணைத்துவிட்டு மறுபடி இழுத்திருப்பார்கள். அத்தானோ, பின்னால் போகத்தான் கிளம்பினேன் என்பதுபோலக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, அப்படியே சாலையைக் கடந்து என் கடையின் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தார். அங்கே எஞ்சினை அணைத்து, இறங்கி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கண்ணில் தண்ணீர் வந்தது, வாயில் சத்தம் வரவில்லை. அப்போதுதான் ஜன்னலில் என் தலையைப் பார்த்தார்.

“மச்சான், நீ எதையும் பாக்கல.”

“பாக்கல அத்தான்.”

மறுநாள் சட்டைத்துணியோடு வந்தார். “இடது கை மட்டும் கொஞ்சம் தாராளமா வெட்டு. காத்தோட்டமா இருக்கட்டும்.”

வலது கைக்குக் காற்று வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. அக்குளில் மூன்று விரல் கூட்டி வெட்டிக் கொடுத்தேன்.

தினமும் ஏன் பின்பக்கமாகவே கிளம்புகிறார் என்று ஸ்டாண்டில் கேட்டார்கள். அத்தான் அசரவில்லை. “காலையில எஞ்சினைக் கொஞ்சம் தலைகீழா சுத்தவிட்டா உள்ள இருக்கிற கரியெல்லாம் உதிர்ந்துடும். பெட்ரோல் மிச்சம்.”

பெட்ரோல் மிச்சம் என்றால் நம் ஆட்கள் தலைகீழாகவே நிற்பார்கள். ஸ்டாண்டுச் செயலாளர் கூட்டம் போட்டு, இனி எல்லோரும் பின்பக்கமாகத்தான் கிளம்ப வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார். தலைகீழாகச் சுற்றத் தெரியாத எஞ்சின்காரர்கள் ரிவர்ஸ் கியரைப் போட்டுக்கொண்டு கரி உதிர்த்தார்கள். ஒரே வாரத்தில் மூன்று விளக்குகள் உடைந்தன. தன் வண்டிக்கு மைலேஜ் கூடிவிட்டதாகச் செயலாளர் சத்தியமே செய்தார். அவருடையது பேட்டரி வண்டி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சந்து வழியாகப் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். ஒருநாள் கேட்டே விட்டேன்.

“யார் மேலயாவது ஏத்தப் போறீங்க அத்தான். டாக்டர்கிட்ட காட்டுங்க.”

“டாக்டர் என்ன சொல்வாரு? இழுக்காதேம்பாரு. இழுக்கலைன்னா நான் யாருடா?”

கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

போன திங்கட்கிழமை காலை, ஸ்டாண்டுப் பக்கமே வராத அக்கா வந்து அவர் வண்டியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “கிளம்புங்க.”

பெண்டாட்டி முன்னால் இழுப்பதென்றால் சும்மாவா? அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இழுத்தார். எஞ்சின் பிடித்தது. கியரைப் போட்டார். வண்டி பின்னால் பாய்ந்து, செயலாளரின் பேட்டரி வண்டியின் மூக்கில் முட்டி நின்றது. எஞ்சினும் அணைந்தது.

“பிரேக் டெஸ்ட் பண்ணேன்” என்றார் அத்தான். குப்புற விழுந்தாலும் அவர் மீசையில் மண் ஒட்டாது.

அக்கா இறங்கி முன்னால் வந்தாள். “கியரை எடுங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க.” முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து, கம்பியைப் பிடித்து ஒரு இழுப்பு. எஞ்சின் சுத்தமாகப் பிடித்தது.

நான் சாலையைத் தாண்டி ஓடினேன். “அக்கா, சத்தியமா நான் சொல்லல.”

“உன் சட்டைதான் சொல்லுச்சு. தைக்கிறது நீ, துவைக்கிறது நான். ஒரு கைக்குழி மட்டும் மூணு விரல் பெருசு. நாலு மாசமா மடிச்சு வெக்கிறவளுக்குத் தெரியாதா?” பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “நீங்களா சொல்வீங்கன்னு காத்திருந்தேன். எலும்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டாச்சு. சரியாகிற வரைக்கும் காலையில நான் வந்து இழுத்துக் குடுக்கிறேன். நீங்க ஓட்டுங்க.”

அத்தான் தரையைப் பார்த்தபடியே கேட்டார். “உனக்கு எப்படி இழுக்கத் தெரிஞ்சுது?”

“இருபத்தாறு வருஷமா வேற எதைப் பத்தி எங்கிட்ட பேசியிருக்கீங்க?”

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பின் சீட்டில் ஏறிக்கொண்டதும் அவர் கியரைப் போட்டார். வண்டி முன்னால் நகர்ந்தது. நாலடி போனதும் நிறுத்தி, வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே தலையை நீட்டிச் செயலாளரைக் கூப்பிட்டார்.

“பாத்துக்கிட்டீங்கல்ல? எங்க குடும்பத்துக்கே ரெண்டாவது இழுப்பு கிடையாது.”

“முன்னாடி பாத்து ஓட்டுங்க” என்றாள் அக்கா.