உண்டியலில் விழுந்த போல்ட்டுகள்

என்னிடம் ஓர் அம்பாசிடர் கார் இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட, நிற்கிறது என்பதே சரி. கடலூரில் என் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அதற்கு என் மனைவி கெடு வைத்திருந்தாள். சிதம்பரத்தில் அவளுடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டிதான் என்று மச்சானிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். "ஒழுங்கா போய்ச் சேந்தா வச்சிக்குங்க. இல்லன்னா அடுத்த நாளே இரும்புக் கடை" என்றாள் அவள்.

யாரிடமும் சொல்லாமல் முன்பக்க பம்பரைக் கழற்றிக் குரோம் பூசக் கொடுத்தேன். அதன் நான்கு போல்ட்டுகளையும் பத்திரப்படுத்துவதில் என் புத்திசாலித்தனம் முழுவதையும் செலவழித்தேன். எங்கள் வீட்டில் மேசைமேல் வைத்தது மறையும். டப்பாவில் போட்டதன்மேல் கடுகு ஏறும். யாரும் கை வைக்காத ஒரே இடம் பூஜை அலமாரி. மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பம்பர் வந்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. அலமாரியிலிருந்து முடிச்சை எடுத்துப் பிரித்தேன். உள்ளே என் மனைவி சாமிக்கென்று முடிந்துவைத்திருந்த காணிக்கைச் சில்லறை இருந்தது.

"அய்யய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் மனைவி. "அப்ப சனிக்கிழம திருவந்திபுரத்துல நான் உண்டியல்ல போட்டது?"

"கனமா இருந்திருக்குமே, தெரியலையா?"

"கனமாத்தான் இருந்துச்சு. சாமி காசாச்சேன்னு பிரிச்சிப் பாக்கல."

என்ன வேண்டுதல் என்று கேட்டேன். அதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

கோயிலுக்கு ஓடினேன். அங்கே அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உண்டியல்ல விழுந்துச்சுன்னா அது பெருமாளோடது சார்" என்றார். கருடன்மேல் போகிறவருக்கு பம்பர் போல்ட் எதற்கு என்று கேட்க நினைத்தேன். தீர்த்தம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்டதும் துக்கம் விசாரிக்க வந்தவர்போல எழுந்து நின்றார். இன்னொருவர், போல்ட் இல்லை, முழு பம்பரே தருகிறேன் என்றார். அதற்குப் போல்ட் உண்டா என்றேன். அதற்கும் இல்லையாம்.

விஷயம் தெரிந்து மச்சான் ஃபோனில் ஆறுதல் சொன்னார். "கயிறு போட்டுக் கட்டுங்க மச்சான். மேல பூமாலதான சுத்தப் போறோம், எவனுக்குத் தெரியப்போவுது?"

கோபம் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, எனக்கு வந்தது பயம்தான். வண்டி இரும்புக் கடைக்குப் போய் வாசல் வெறிச்சென்று கிடப்பதே கண்முன் வந்து நின்றது.

கடைசியில் காப்பாற்றியவர் பக்கத்து வீட்டு பாய். குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர். கதையைக் கேட்டுச் சிரித்து முடிக்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. பிறகு தன் பெட்டியிலிருந்து நான்கு எவர்சில்வர் போல்ட்டுகளை எடுத்தார். நீளம் அதிகம், வண்டியின் ஓட்டையோ துரு தின்று அகலமாகியிருந்தது. போல்ட்டை அறுத்து, ஓட்டைக்குப் பெரிய வாஷர் கொடுத்து முறுக்கினார். "ஆசிட்டுக்கே அசராதுண்ணே. கார் போனாலும் போல்ட்டு நிக்கும்" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று பம்பரில் சாமந்தி மாலை, முன்னால் நாதஸ்வரம், பின்னால் ஹாரன் அடிக்கும் ஆட்டோக்கள். சிதம்பரம் மேல வீதியில் வண்டி ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. மாப்பிள்ளையைவிட நான்தான் அதிகம் பேருக்குக் கும்பிடு போட்டேன்.

மறுநாள் கடலூர் திரும்பும் வழியில் மனைவி கைப்பையிலிருந்து சில்லறை இருந்த அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தாள்.

"நீங்க பம்பரக் கழட்டிக்கினு போனீங்களா, சரி, ஒருவழியா இரும்புக் கடைக்கு மனசு வந்துடுச்சுன்னு நெனச்சேன். வேண்டுதல் பலிச்சிடுச்சேன்னுதான் காணிக்கையச் செலுத்துனேன்."

இந்த வண்டி வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் வேண்டுதலாம். இத்தனை வருஷமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டே வேண்டியிருக்கிறாள். எனக்கு மனசு நொந்துபோயிற்று.

"சாமிக்குன்னு முடிஞ்சாச்சு, வீட்டுல வச்சிக்கக் கூடாது. சனிக்கிழம திருவந்திபுரம் போவணும்" என்றாள்.

"எதுல?"

முடிச்சைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"இதுலதான்" என்றாள்.