ஏரிக்கரை மேட்டில் கல்யாணக் கார்

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். எங்கள் செங்கல்பட்டில் நாள் கணக்கில் விடாத மழை. அப்போதுதான் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில்தான் தாலி கட்டுவார்கள். பெண்ணை நாங்கள் அழைத்துக்கொண்டு போக வேண்டும். மாப்பிள்ளையின் ஊர் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி, மாமல்லபுரம் கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. வெயில் காலத்தில் அது ஒரு தூரமே இல்லை.

முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். மழையால் முடியவில்லை. அக்காவும் மற்ற உறவுக்காரர்களும் விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். பெண்ணின் அலங்காரம் முடிந்த பிறகு, வாடகைக்குப் பேசியிருந்த அம்பாஸிடர் காரில் நாங்கள் புறப்பட்டோம். முன்னால் டிரைவரும் அக்கா வீட்டுக்காரரும். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பின்னால் கல்யாணப் பெண்ணும் அவளுக்குத் துணையாக நானும். டிக்கியில் சீர் பாத்திரங்கள்.

இந்தக் கல்யாணம் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போனது. வைகாசியில் நாள் குறித்திருந்தபோது மாப்பிள்ளையின் தாத்தா தவறிவிட்டார். அப்போதே அவர்கள் சொந்தத்தில் சிலர் பெண்ணின் ராசியைப் பற்றி ஒரு மாதிரியாகப் பேசினார்கள். இந்தத் தடவை ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். இதுவும் தவறினால் அவர்கள் வாயை யாராலும் மூட முடியாது, சம்பந்தமே முறிந்தாலும் முறியும் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. மாமா வழி நெடுக கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. அதற்கு என் உடம்பும் ஒரு காரணம். சின்ன வயதிலிருந்தே நான் நல்ல பருமன். பஸ்ஸில் ஏறினாலே பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார். அதைப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிப்போகும். அதனால் எங்கே போனாலும் இருக்கிற இடம் தெரியாமல் இருக்கப் பார்ப்பேன். என் அளவு உடம்புக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்றவர்கள், "பஸ்ஸு போனப்பறம்தான் தண்ணி ஏறிச்சு. ஏரிக்கர மேல பூடுங்க, அந்தாண்ட ரோடு நல்லாக்கீது" என்று வழி காட்டினார்கள். திரும்பினோம். கரைக்கு ஏறும் இடம் செம்மண் மேடு. மாட்டு வண்டிகள் ஏறி ஏறிச் சேறு வழவழவென்று கிடந்தது. டிரைவர் வேகம் எடுத்து ஏறினார். பாதிக்கு மேல், ஒரு முள் புதர் வரை போய்விட்டோம். அங்கே பின்சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றியது. கார் மெதுவாகப் பின்னால் வழுக்கி அடிவாரத்துக்கே வந்து நின்றது.

டிரைவர் கார் ஓட்ட ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. ஊருக்குள் ஓட்டியே பழக்கம். "டயரு புடிக்க மாட்டேங்குது சார். லோடு ஜாஸ்தி" என்றார்.

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் லோடு என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பனைமரத்தின் பின்னால் போய் நின்றேன். மரம் என்னில் பாதியைத்தான் மறைத்தது.

இரண்டாவது தடவை கார் முள் புதர் வரைகூடப் போகவில்லை. மாமா பின்னால் நின்று தள்ளினார். சக்கரம் சுழன்று சேற்றை வாரி அவர் பட்டு வேட்டியில் அடித்ததுதான் மிச்சம்.

"இன்னும் எறக்கணும் சார்" என்றார் டிரைவர்.

டிக்கியைத் திறந்து வெண்கல அண்டா, தவலை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் மாமா இறக்கி வைத்தார். நானும் ஒரு கை கொடுத்தேன். பிறகு பெண்ணையும் இறக்கினார்கள். இப்போது காருக்குள் டிரைவர் மட்டும்தான். இந்தத் தடவை மேட்டின் ஆரம்பத்திலேயே சக்கரம் விர்ரென்று சுற்றியது. கார் ஒரு முழம்கூட ஏறவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சக்கரம் வழுக்கி நின்ற இடங்கள் சேற்றில் பள்ளமாகத் தெரிந்தன. எல்லோரும் உள்ளே இருந்தபோது மேலே புதருக்குப் பக்கத்தில் ஒன்று. நான் இறங்கியதும் அதற்குக் கீழே ஒன்று. டிக்கி காலியானதும் அடியிலேயே ஒன்று. பாரம் குறையக் குறைய கார் ஏறுவதற்குப் பதிலாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது! அப்படியானால் சக்கரத்தின் மேல் பாரம் இருந்தால்தானே அது தரையைப் பிடிக்கும்?

இதைச் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று உடனே மனம் கணக்குப் போட்டது. பின்னால் பாரம் வேண்டும் என்று நான் சொன்னால், எல்லோரும் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஆனாலும் மாமாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். "மாமா, பாரம் இருந்தப்பதான்..."

"நீ சும்மா இரும்மா, நானே பேஜார்ல இருக்கேன்" என்றார். மூன்று தடவை ஏறி இறங்கியதில் சேறு குழைந்துவிட்டது, அதனால்தான் ஏறவில்லை என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் உண்மையாக இருக்கலாம் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

இந்த நேரத்தில் கரை மேலிருந்து இரண்டு பெண்கள் தலையில் மீன்கூடையோடு இறங்கி வந்தார்கள். கடற்கரைக் குப்பத்துக்காரர்கள். தரைப்பாலம் மூழ்கியதால் அவர்களுக்கும் அன்று இதுதான் வழி. இருவருமே கிட்டத்தட்ட என் அளவு உடம்பு. ஆனால் அந்த வழுக்கும் மேட்டில் ஆடாமல் அசையாமல் நடந்து வந்தார்கள்.

மூத்தவள் எங்களைப் பார்த்ததும் நின்றாள். "இன்னா அண்ணாத்த, கல்யாணப் பொண்ண சேத்துல நாத்து மாதிரி நட்டு வெச்சிகினுகீறே?"

இளையவள், "நவுரு யக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல பொண்ணே அழுது ஏரிய ரொப்பிடும் போல" என்றாள்.

உண்மைதான். என் அக்கா மகளின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பாதத்தில் நலங்கு வைத்த சிவப்பின் மேல் சேறு அப்பியிருந்தது. "சித்தி, மணி என்ன ஆவுது?" என்று என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குத் தோன்றியதை அவள் காதோடு சொன்னேன்.

அவள் ஒரு நிமிடம் மேட்டில் இருந்த பள்ளங்களைப் பார்த்தாள். பிறகு, கல்யாணப் பெண் என்பதையே மறந்து உரக்கக் கத்தினாள்.

"அப்பா! சித்தி சொல்றது சரி. பின்னாடி வெயிட்டு வேணும்!"

நான் பயந்தபடியே எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். டிரைவர்கூட. எனக்குக் காது இரண்டும் சுட்டன. பனைமரத்தின் பக்கம் திரும்பலாமா என்று நினைத்த நேரத்தில் மூத்த மீன்காரப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வெயிட்டுதானே வேணும்? இந்த யக்கா ஒண்ணு, நாங்க ரெண்டு. இதுக்கா இம்மாந்நேரம் நின்னுகினு இருந்தீங்க?"

மாமா தயங்கினார். "முகூர்த்தத்துக்குப் போற வண்டிம்மா. கவுச்சி வாடை..."

"கவுச்சியா? நைனா, எங்கூட்டுப் பொண்ணுங்க எல்லாம் இந்த வாடையோடதான் கண்ணாலம் கட்டிகினு நல்லாக்கீதுங்க."

"அப்பா, மீன் வாசனையோட வேணா போறேன். இங்கியே நிக்க மாட்டேன்" என்றாள் பெண்.

மாமா ஒப்புக்கொண்டார். கூடைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. டிரைவர் ஓட்ட வேண்டும், பெண்கள் பாரமாக இருக்க வேண்டும், மிச்சம் மாமாதான். இளையவள் அவர் கையில் ஒரு பனை மட்டையைக் கொடுத்து, "காக்கா வந்தா இத்த ஆட்டு அண்ணாத்த. தூங்கிடாத" என்றாள்.

பெண்ணைப் பின் சீட்டில் உட்கார வைத்தோம். டிக்கியின் கதவைத் தூக்கி நிறுத்திவிட்டு, காலைத் தொங்கவிட்டபடி நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். நடுவில் நான். கார் பின்பக்கம் அப்படியே அழுந்தி உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்த அழுத்தத்துக்கே கூசிப்போயிருப்பேன்.

"எங்கள மீனு கேட்டுக் கூப்புடுவாங்க, வட்டிக்காரன் கூப்புடுவான். வெயிட்டுக்குனு கூப்புட்டது இதான் மொத தபா" என்றாள் மூத்தவள். "கெட்டியா புடிச்சிக்கோ யக்கா. வுழுந்தா மூணு பேரும் ஏரிலதான்."

டிரைவர் குழைந்த தடத்தை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி, அவசரப்படாமல் ஏறத் தொடங்கினார். சக்கரம் ஒரு தடவை வழுக்கியது. நாங்கள் மூன்று பேரும் சொல்லி வைத்தாற்போல் உடம்பை இன்னும் அழுத்தி உட்கார்ந்தோம். அதனால் ஏதாவது பயன் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சக்கரம் தரையைக் கவ்வியது. கார் முனகிக்கொண்டே ஏறியது. முள் புதர் எங்களைக் கடந்து கீழே போனது. கடைசியில் ஒரு குலுக்கல். கரை மேல் சமதரைக்கு வந்துவிட்டோம். உள்ளே பெண் கை தட்டுவது கேட்டது. நான் என்னை அறியாமல், "ஏறிடுச்சு!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

கீழே பார்த்தோம். மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுற்றிலும் காகங்கள் கத்த, இரண்டு மீன்கூடைகளுக்கும் சீர் பாத்திரங்களுக்கும் நடுவில் பனை மட்டையை வீசிக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்தப் பெண்கள் கீழே இறங்கி, அண்டாவையும் தவலையையும் அவர்களே தலையில் வைத்துக் கொண்டு வந்தார்கள். குத்துவிளக்கை மாமா தோளில் சுமந்து வந்தார். அதற்குள் காவல் இல்லாத கூடையிலிருந்து ஒரு பருந்து மீனைக் கவ்விக்கொண்டு பறந்தது. "போவட்டும், கண்ணாலத்துக்கு எங்க மொய்யி அது" என்றாள் இளையவள். எங்களோடு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டோம். மீன் காத்திருக்காது என்று சொல்லிவிட்டார்கள். பெண் தன் தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைப் பிய்த்து இருவருக்கும் வைத்துவிட்டாள். தலையில் பூவோடு அவர்கள் கீழே இறங்கி, கூடைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றபோது நாதஸ்வரக்காரர் நாங்கள் வருகிறோமா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. மாமாவின் வேட்டியைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு பெரியவர் காற்றை முகர்ந்து, "எங்கியோ மீன் வாசனை வருதே?" என்றார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். தாலி கட்டி முடிந்ததும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ அதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

மாப்பிள்ளை டிப்ளமா படித்தவர், கட்டட வேலையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் நடந்ததைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கூடத்துத் தரையில் வைத்து, "தள்ளுங்க சித்தி" என்றார். ஒரு விரலால் தள்ளினேன், சர்ரென்று போனது. அதில் தேங்காய்களை அடுக்கிவிட்டு மறுபடி தள்ளச் சொன்னார். அசையவில்லை.

"இதுக்குப் பேரு உராய்வு. தரைய எவ்வளவு அழுத்துதோ அவ்வளவு புடிச்சிக்கும். அந்தப் பிடிப்பு இல்லேன்னா சக்கரம் சும்மா சுத்தும். நீங்க முன் சீட்டுல உக்காந்திருந்தா கார் உங்கள இழுத்துகினு ஏற வேண்டியிருக்கும். பின் சக்கரத்து மேல உக்காந்ததால காரு ஏற நீங்க ஒத்தாசை பண்ணீங்க. நாங்க பாடமா படிச்சத நீங்க மேட்டுலயே பார்த்துட்டீங்க" என்றார்.

எட்டாவது வரை படித்த எனக்கு அது முழுக்கப் புரிந்தது. கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எழுந்து உள்ளே போய்விட வேண்டும் என்று வழக்கம்போல் கால் துடித்தது. ஆனால் போகவில்லை. "அந்த ரெண்டு பேரும் வரலேன்னா என் ஒருத்தி பாரம் போதாது" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அக்கா மகள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ராசி என்று பேசியவர்கள் அந்தப் பேச்சையே மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் காலை மறக்கவில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் மரத்தின் பின்னால் நின்றிருந்தால், அந்தப் பெண்ணின் கல்யாணம் என் வெட்கத்தாலேயே நின்றுபோயிருக்கும். இன்றும் நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்குப் படபடப்புதான். ஆனால் அதன் பிறகு, சொல்ல வேண்டிய எதையும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு நான் வீடு திரும்பியதில்லை.