இரண்டு காது, இரண்டு சுருதி

வானொலிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு முள்ளக்கா என்று பெயர். பெட்டியின் முகப்பில், கண்ணாடிக்குப் பின்னால் நகரும் சிவப்பு முள்ளை எண்களோடு பொருத்துவது அவள் வேலை. "முள்ளக்காகிட்ட பாத்துப் பேசு, குத்திடும்" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவள் சிரிக்கவும் மாட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டாள்.

கண்ணாடியில் எண்கள் அச்சாகித்தான் வரும். அச்சடித்ததாலேயே அவை மெய்யாகிவிடாது. அவள் மேசையில் இருந்த கருவி, வேண்டிய அலைவரிசையில் ஒரு சீரான ஒலியை அனுப்பும். முள்ளை அந்த எண்ணில் நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெட்டிக்குள் இருக்கும் சின்னத் திருகை ஒலி நன்றாக உரத்துக் கேட்கும்வரை திருப்புவாள். கீழ்முனையைச் சரிசெய்தால் மேல்முனை நகர்ந்துவிடும். மேலே போய்த் திருத்தினால் கீழே கெடும். இரண்டும் வழிக்கு வரும்வரை மாறி மாறித் திருகவேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த எண்களுக்கு அர்த்தம். வாங்கிப் போகிறவர் முள்ளைக் கொண்டுபோய் நிறுத்தும் இடத்தில் நிலையம் இருக்கும்.

வேலை முடிந்தால் தங்கையோடு பாட்டு. பெற்றோர் போன பிறகு தங்கையை வளர்த்தவள் அவள்தான். தங்கைக்கு அருமையான குரல். எவ்வளவு மேலே வேண்டுமானாலும் ஏறும், ஆனால் ஏறிய இடத்தில் கொஞ்சம் தடுமாறும். அக்காவின் குரல் சுமார்தான். சுருதி மட்டும் அசையாது. அக்கா கண்ணைச் சுருக்கினால் தங்கை இறங்குவாள், புருவத்தைத் தூக்கினால் ஏறுவாள். உள்ளூர் வானொலி நிலையத்தில் இருவரும் அவ்வப்போது பாடியிருந்தார்கள். ஒருமுறை நேரடியாகப் பாடட்டும், நன்றாக அமைந்தால் மாதாமாதம் நிகழ்ச்சி தருகிறோம் என்று நிலையத்தில் சொன்னார்கள். தையல் கடை வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தங்கை யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் அக்கா காய்ச்சலில் படுத்தாள். தலை சுற்றியது, வலது காது அடைத்துக்கொண்டது. காய்ச்சல் விட்டு, காதும் திறந்து, வேலைக்குத் திரும்பிய காலையில் ஹெட்போனை மாட்டியவள் முகத்தைச் சுளித்தாள். கருவியின் ஒரே ஒலி இரண்டாகக் கேட்டது. ஹெட்போன்தான் பழுது என்று பக்கத்து மேசையிலிருந்து வேறொன்று வாங்கினாள். அதிலும் அப்படியே. ஹெட்போனின் ஒரு பக்கக் குமிழை மட்டும் எடுத்து இடது காதில் வைத்தாள். பழகிய ஒலி. அதே குமிழை வலது காதுக்கு மாற்றினாள். ஒலி அரைச் சுரம் மேலே ஏறி நின்றது. மதியம் அரை நாள் விடுப்பு கேட்டுக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் விளக்கெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, உள்காது கெட்டிருக்கிறது என்றார். "சிலருக்குத் தானா சரியாகும். சிலருக்கு ஆகாதும்மா. காத்திருந்துதான் பாக்கணும்."

பிழைப்புக்குக் குறைவில்லை. முள்ளைப் பொருத்த ஒலி உரக்கிறதா என்று தெரிந்தால் போதும், அதை எந்தக் காதும் சொல்லிவிடும். அதனால் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தங்கையிடமும்தான். நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் தங்கை ஆர்மோனியம் வாசிக்க, வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பாட உட்கார்ந்தாள். பஞ்சு வெளிச் சத்தத்தைத்தான் தடுத்தது. அவளுடைய சொந்தக் குரல் தலைக்குள்ளேயே சுற்றிவந்து அந்தக் கெட்ட காதில் முழங்கியது. சுருதி ஏறிவிட்டதாகப் பட்டதால் அவள் குரலை இறக்கினாள். தங்கையையும் கண்ணால் இறக்கினாள்.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "ஆர்மோனியத்தோட சேரலையே அக்கா."

"நீ என்னைப் பாத்துப் பாடு. ஆர்மோனியத்தை விடு."

அக்கா சொன்னால் தங்கைக்கு மறுபேச்சு கிடையாது.

நிலையத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் பாடினார்கள். முதல் வரியிலேயே நிலையத்து ஆர்மோனியக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா கண்ணைச் சுருக்கினாள், தங்கை இறங்கினாள். மறுபடி சுருக்கினாள், இன்னும் இறங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கையை உயர்த்தினார். விளக்கு அணைந்தது. அவர்கள் பாட்டு பாதியில் நின்று, ஏதோ இசைத்தட்டு ஊருக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

அதிகாரி உள்ளே வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. தங்கையைப் பார்த்து, "பக்கத்துல அக்கா இருந்துமா இப்படி ஆச்சு?" என்றார். அக்காவின் சுருதி பிசகும் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. அக்கா தன் காதைப் பற்றிச் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பேருந்தில் தங்கை தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள், எனக்கு நிற்காத குரல், உன் மானத்தையும் வாங்கிவிட்டேன் என்று. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு தங்கை பாடவில்லை. ஆர்மோனியக்காரர் வீடு தேடி வந்து கூப்பிட்டும் பாடவில்லை. தையல் கடைக்குப் போனாள், வந்தாள். ஒரு நல்ல பையன் அமைந்தான். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கை மடிப்பதை நிறுத்தினாள். "அப்போ நான் சரியாத்தான் பாடினேனா?"

"சரியாத்தான் பாடினே. நான்தான் இறக்கினேன்."

"அங்கேயே சொல்லியிருந்தா நான் உன்னைக் கோவிச்சுக்கிட்டிருக்கவே மாட்டேனே அக்கா."

மீதித் துணிகளை மடித்துப் பெட்டியை மூடினாள். மறுநாள் அக்கா நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொன்னாள். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்தில் இருந்தவருக்கு யார், எந்த நிகழ்ச்சி என்றே பிடிபடவில்லை. மாதாந்திர நிகழ்ச்சி நேரமெல்லாம் வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

காது சரியாகவில்லை. எதிரில் யார் பேசினாலும் அவளுக்குக் கூடவே மெலிதாக இன்னொருவர் பேசுவதுபோல் இருக்கும். பாட்டு என்றால் எழுந்து போய்விடுவாள். தொழிற்சாலையில் மட்டும் அவள் பொருத்திய பெட்டியில் ஒரு குறை வந்ததில்லை.

தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வாள். இடது காதில் வைத்துக் கேட்டால் ஒரே குரல்தான், அக்காவுக்குப் பழகிய அதே குரல். குழந்தைக்குப் பல் முளைத்தது, மாமியாருக்கு முட்டி வலி என்று பேசுவாள். நடுவில் குழந்தை அழும். தங்கை தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்கும். குழந்தை தூங்கும்வரை அக்கா காத்திருப்பாள். தாலாட்டு கேட்காது, தட்டும் சத்தம் மட்டும்தான்.