பதினான்காம் பக்கத்துக்காக ஒரு நகர மன்றக் கூட்டம்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மணி 3.40. சிட்னியின் மேற்கே பென்டில் ஹில் ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள கடையில் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி, பதினான்கு டாலர். அதை ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று என் தம்பி செந்தில் முதல் நாளே சொல்லியிருந்தான். பெருக்கிப் பார்த்தேன். வடை தொண்டையில் கொஞ்சம் நின்று இறங்கியது.

நான் திருச்சியில் ஒரு தமிழ் நாளிதழில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மாநகராட்சிச் செய்தி எழுதுகிறவன். தம்பி வீட்டுக்கு ஒரு மாத விடுப்பில் வந்திருந்தேன். ஓபரா ஹவுஸ், பாலம், கடற்கரை எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது வாரம் மளிகைக் கடையில் முறுக்குப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் இலவசமாகக் கிடந்த நான்கு பக்கச் செய்தித்தாள் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு பக்கம் ஆங்கிலம், இரண்டு பக்கம் தமிழ். தலைப்பு: ‘பதினான்காம் பக்கம் எங்கே?’

அதை நின்றுகொண்டே படித்து முடித்தேன். சில ஸ்டேஷன்கள் தள்ளியுள்ள ஓர் ஊரின் நகர மன்றம் தன் பொது நீச்சல் குளத்தை மூடி, நிலத்தைக் குத்தகைக்கு விடப் பார்க்கிறது. குளம் ஆபத்தானது என்று பொறியாளர் அறிக்கை சொல்கிறதாம். அந்த அறிக்கையைத்தான் யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. கீழே ஆசிரியரின் தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டேன். “செவ்வாய்க்கிழமை வாங்கோ, அண்டைக்குத்தான் வாக்கெடுப்பு” என்றது ஒரு பெண் குரல்.

மணி 4.25. செந்தில் காரில் கொண்டுபோய் விட்டான். பதினொரு கிலோமீட்டர். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அது நான் அங்கே கொடுத்த வாக்கு. வழியெல்லாம் செந்தில் சிரித்தான்.

“இங்க அரசியல் ரொம்ப போர்ண்ணே. ஓட்டுப் போடலைன்னா ஃபைன், அதனால போடுறோம். போட்டுட்டு பூத் வாசல்ல விக்கிற சாசேஜ் சாப்பிட்டுட்டு வந்துருவோம். அவ்ளோதான்.”

பத்திரிகையின் ஆசிரியர் யோகா இலங்கைத் தமிழர், அறுபதை நெருங்கியவர். மருத்துவமனை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அதிகாலை ஷிஃப்ட் வேலை, பிற்பகலில் பத்திரிகை. அலுவலகம் அவர் வீட்டு கராஜ்தான். காருக்குப் பதிலாக ஒரு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு ஹீட்டர்.

“ஓம், நான்தான் யோகா. உள்ளுக்கு வாங்கோ, குளிருது என்ன? அந்தக் கதிரையில இருங்கோ. மற்றது கால் ஆடும்.”

அவருடைய கணவர் நாதன் சமையலறையிலிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்தார். யோகா மேசைமேல் இருந்த ஃபைலைத் திறந்தார். தகவல் கேட்டு விண்ணப்பித்ததும் அறிக்கை வந்திருக்கிறது.

“பாருங்கோ. பதின்மூண்டு. அடுத்தது பதினைஞ்சு. பதினாலைக் காணேல்ல. கேட்டனான். அது வெறும் பக்கமாம்.” கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “வெறும் பக்கத்தை ஆராவது ஒளிச்சு வைப்பினமோ?”

மேல்முறையீடு செய்திருக்கிறார். ஐந்து மாதம். ஒவ்வொரு கடிதமும் ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்றே முடிந்திருந்தது. முந்தைய வாரம்தான் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. பம்பை மாற்றி, ஆழமில்லாத பக்கத்து விரிசலை அடைத்தால் குளத்தை இன்னும் பத்தாண்டு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று பொறியாளர் எழுதியிருந்தார். யோகா அதை அப்படியே அச்சிட்டு, மன்ற உறுப்பினர் ஒன்பது பேருக்கும் அனுப்பிவிட்டார்.

“பயமா இல்லையா?” என்று கேட்டேன்.

“எனக்கில்லை. இவருக்குத்தான்.”

நாதன் மறுக்கவில்லை. “ஊரில ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போய் ஒரு பேப்பர் கேட்டா, ஏன் கேட்டனீங்கள் எண்டு வீட்டுக்கு வருவினம். நான் அந்தப் பழக்கத்திலதான் இன்னும் இருக்கிறன். தபால்காரன் மணியடிச்சாலும் திடுக்கிடுவன்” என்றார்.

மணி 6.30. நாதன் ஓட்டிய காரில் மூவரும் போய்ச் சேர்ந்தோம். நகர மன்றம். நம் ஊர்த் திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவுதான் இருக்கும். வாசலில் யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை. அடையாள அட்டையைத் தயாராக எடுத்து வைத்திருந்த எனக்கு அது சற்று ஏமாற்றம்தான். பார்வையாளர் நாற்காலிகள் நாற்பது, எல்லாம் நிறைந்திருந்தன. பாதிப் பேர் முழங்கால் வலிக்குத் தண்ணீரில் உடற்பயிற்சி செய்யும் பெண்கள். அந்நாட்டு வழக்கப்படி, அந்த நிலத்தின் மூத்த குடிகளான பழங்குடியினரை நினைவுகூர்ந்து மேயர் கூட்டத்தைத் தொடங்கினார்.

யோகா காதில் கணக்குச் சொன்னார். மேயர் கட்சிக்கு ஐந்து பேர். எதிர்த்தரப்பு நான்கு. “கட்சி சொன்னா சொன்னதுதான். ஒருத்தரும் மாறி வாக்களிக்க மாட்டினம். மாறினா அடுத்த முறை இடம் இல்லை.”

பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். சுவரில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. “நீங்க பேசலையா?” என்றேன். “எழுதுறவள் பேசக்கூடாது” என்றார் யோகா.

கைத்தடியோடு மார்கரெட் என்ற பெண்மணி எழுந்தார். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குளத்தில்தான் மறுபடி நடக்கக் கற்றதாகச் சொன்னார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

“எனக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. அதை உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறேன். பதினான்காம் பக்கத்தை இப்போது படியுங்கள்.”

அப்படியே நின்றார். கடிகாரம் ஐம்பது, நாற்பது என்று இறங்கியது. மேயர் தொண்டையைச் செருமினார். விதிப்படி அது அந்த அம்மாளுடைய நிமிடம். யாரும் பறிக்க முடியாது. முதலில் ஒருவர் தாளைப் புரட்டினார். அடுத்து இன்னொருவர். கூடம் முழுக்கத் தாள் சத்தம் மட்டும். மைக்கைப் பிடுங்குவதையும் நாற்காலி பறப்பதையும் பார்த்துச் செய்தி எழுதிய எனக்கு, அந்த அமைதியில் உடம்பு சிலிர்த்தது.

விவாதத்தில் மேயர் கட்சியைச் சேர்ந்த டேரன் என்ற உறுப்பினர் எழுந்தார். முதல் முறை வென்றவர்; தொழில், பிளம்பர். பெரிய கைகள். அந்தத் தாள் அவர் கையில் சிறியதாகத் தெரிந்தது.

“இப்படி ஒரு பக்கமே இல்லை என்று எங்களிடம் சொன்னார்கள். போன வாரம் என் வீட்டுத் தபால்பெட்டியில் அது கிடந்தது. நான் பம்ப் மாற்றுகிறவன். இது ஒரு வார வேலை. ஒரு வார வேலைக்காகக் குளத்தை மூட நான் கை தூக்க மாட்டேன். கட்சி என்னை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். செய்யட்டும்.”

அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. பக்கத்து நாற்காலிக்காரர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மூடுவதற்கு ஆதரவாக நான்கு கைகள். எதிராக ஐந்து. கை தட்டக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது, எல்லோரும் தட்டினார்கள். நானும்தான். நிருபர் தட்டக் கூடாது என்பது இரண்டு தட்டு தட்டிய பிறகே நினைவுக்கு வந்தது.

மணி 7.50. வெளியே நாங்கள் காருக்குப் போகும்போது மேயர் வேகமாக நடந்து வந்தார். நாதன் சட்டென்று யோகாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். மேயர் நின்று, கொஞ்சம் தயங்கி, யோகாவின் பத்திரிகையை நீட்டினார்.

“என் பெயரில் இரண்டு ‘டி’ வரவேண்டும். ஒன்றுதான் போட்டிருக்கிறீர்கள்.”

“மற்றதெல்லாம்?” என்று யோகா கேட்டார்.

மேயர் தரையைப் பார்த்தார். “மற்றதில் நான் பிழை கண்டுபிடிக்கவில்லை” என்று சொல்லிவிட்டு, குளிருக்குக் கோட்டை இழுத்துக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் கொண்டாட்டத்தை எதிர்பார்த்தேன். யோகா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பேரைப் பிழையா விட்டிட்டன். மூண்டு தரம் பார்த்தனான். எப்பிடி விட்டனான்?” நாதன்தான் வண்டியை ஓட்டிக்கொண்டே விட்டு விட்டுச் சிரித்தார். அன்று அதுவரை அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

திருச்சிக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்து அடுத்த இதழ் மின்னஞ்சலில் வந்தது. முதல் பக்கத்தின் உச்சியில், கட்டம் கட்டி, மேயரின் பெயருக்கு ஒரு திருத்தம். வருத்தம் தெரிவித்து இரண்டு வரி. அதற்குக் கீழேதான் குளம் தப்பித்த செய்தி. டேரனைக் கட்சி விலக்கி வைத்துவிட்டது, சுயேச்சையாகத் தொடர்கிறாராம்.

என் இருபத்திரண்டு வருடத் திருத்தங்களும் ஏழாம் பக்கத்தின் கீழ் மூலையில், இரங்கல் விளம்பரங்களுக்கு அடியில்தான் வந்திருக்கின்றன. அன்று மாலை அலுவலகத்தில், ஒரு கவுன்சிலரின் வார்டு எண்ணை நாங்கள் தவறாகப் போட்டிருந்தது தெரிந்தது. திருத்தத்தை முதல் பக்கத்தில் போடலாமா என்று செய்தி ஆசிரியரிடம் கேட்டேன்.

“ஆஸ்திரேலியா போய்ட்டு வந்ததுலருந்து உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு சார்” என்றார்.

ஒன்றரை மணி நேரம் வாதாடினேன். மூன்றாம் பக்கம் வரை கொண்டுவந்துவிட்டேன்.