பேக்ரவுண்டு சுத்தமா இருக்கணும்

என் வீட்டுக்காரர் அசோக்குமாருக்குக் கல்யாண வீடுகளில் பெயர் கிடையாது. "ஃபோட்டோகாரரே" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒடுகத்தூரில் இருந்துகொண்டு வேலூர் ஸ்டுடியோக்காரர்களுக்குக் கூலிக்குப் படம் எடுக்கிறவர் அவர். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் பெண், மாப்பிள்ளை பெயர் இருக்கும், கடைசிப் பக்கத்தில் ஸ்டுடியோவின் பெயர். நடுவில் இருக்கும் அத்தனை படமும் இவர் முட்டி தேய நின்று எடுத்தது.

தொழிலில் மனுஷன் கெட்டி. மாலை மாற்றும் நேரத்தில்கூடப் பின்னால் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தச் சொல்வார். தொங்கும் துண்டு, கவிழ்ந்த சொம்பு, கொட்டாவி விடும் தாய்மாமன், எதுவும் படத்துக்குள் வரக்கூடாது. "பேக்ரவுண்டு சுத்தமா இருக்கணும்" என்பதுதான் அவருடைய ஒரே மந்திரம். எங்கள் மகள் காவியாவின் முதல் பிறந்தநாளன்று, நான் கொடியில் காயப் போட்டிருந்த புடவைகளையெல்லாம் உருவி எறிந்துவிட்டுத்தான் கேமராவைத் தொட்டார். அதற்குள் கேக்கின் கிரீம் உருகித் தட்டில் வழிந்துவிட்டது.

அப்படிப்பட்டவருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது பிரகாஷ் என்ற ஆளால். பிரகாஷ் சென்னையில் பெரிய வேலையில் இருப்பவர். லீவு விட்டால் கை நீளத்துக்கு லென்ஸை மாட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு வந்துவிடுவார். ஒருமுறை மலைக்கு வழிகாட்ட இவரைக் கூட்டிப்போனார். போன இடத்தில் தன் படங்களை ஃபோனில் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் வெள்ளை எழுத்தில் பிரகாஷ் பெயர். பறவையைவிட அந்த எழுத்துதான் என் வீட்டுக்காரர் மனசில் ஒட்டிக்கொண்டது. எங்காவது ஒரு சுவரில், ஒரே ஒரு படத்துக்குக் கீழே, தன் பெயர் இருக்க வேண்டும். அந்த ஆசையோடு பழைய லென்ஸ் ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு, முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் மலையேற ஆரம்பித்தார்.

மேலே ஒரு கிராமத்தில் செல்லி என்கிற அம்மாவுக்குச் சாமைக் கொல்லை இருக்கிறது. கொல்லை ஓரத்து மாமரத்தில், தாழ்ந்த கிளை ஒன்றில், வெள்ளைவால் குருவி கூடு கட்டியிருந்தது. உடம்பு கையளவு, வால் முழம் நீளம், ரிப்பன் மாதிரி தொங்கும். குருவி கலைந்துவிடும் என்று அந்தக் கிளையில் மட்டும் செல்லி மாங்காய் பறிக்காமல் விட்டிருந்தாள். அதே அக்கறையோடு இவரும் பார்ப்பார் என்று நம்பித்தான் கூட்டைக் காட்டினாள்.

ஒரு கவலைதான் இவருக்கு. கூட்டுக்கு முன்னும் மேலுமாக இரண்டு இலைக்கொத்துகள் மறைத்தன. செல்லி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், மணமேடையில் நாற்காலியை நகர்த்துவதுபோல இரண்டையும் கத்தியால் வெட்டி எறிந்தார். அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை. படம் கிடைத்தது. வால் வழிய ஆண் குருவி கூட்டு விளிம்பில் நிற்க, உள்ளே இரண்டு வாய்கள் திறந்திருந்தன. பொய் சொல்வானேன், நானே சொக்கிப்போனேன்.

அடுத்த வாரம் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுச் செல்லிக்குக் கொடுக்கக் கொண்டுபோனார். செல்லி அதைக் கையில் வாங்கவில்லை.

"வெய்யிலு மேல வுழக்கூடாதுன்னுதான தம்பி அது எலைக்குள்ள கட்டுச்சு? குஞ்சுங்க ரெண்டும் கூட்டுலயே காஞ்சி கெடந்துச்சுங்க. தாயி வாயில பூச்சிய வெச்சிக்கினு கெளையாண்டயே சுத்திக்கினு இருந்துச்சு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை. நான் விடாமல் கேட்ட பிறகுதான் எல்லாம் சொன்னார். அந்தப் படத்தை அழித்துவிடச் சொன்னேன். ஆனால் வேலூரில் பறவை ஆர்வலர்கள் சிலர் கண்காட்சி வைக்கப்போவதாகவும், தேர்வாகும் படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரைப் போடுவார்கள் என்றும் தகவல் வந்ததும், அதையே அனுப்பிவிட்டார்.

"போன குஞ்சு வந்துருமா ரேணு? படம் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை அன்றைக்குத்தான் வெறுத்தேன்.

படம் தேர்வானது. வெறுப்பை மூட்டை கட்டிவைத்துவிட்டு நான்தான் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். வேறென்ன செய்வது? காவியாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் பஸ் பிடித்துப் போனோம். மண்டபத்துக்குள் அவர் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். மூன்றாவது சுவர் முன் நின்றார்.

ஆணி இருந்தது. படம் இல்லை.

நடத்துகிறவர் ஓடி வந்தார். பெரிதாக மாட்டிய பிறகுதான் கவனித்தார்களாம். படத்தின் ஓரத்தில் புதிதாக வெட்டிய இரண்டு காம்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. கூட்டைக் கலைத்து எடுத்த படத்தை வைக்க முடியாது என்று மரியாதையாகவே சொன்னார். மணமேடையில் ஒரு சொம்பைக்கூட விடாத கண், அந்தக் காம்புகளை விட்டுவிட்டது.

பிரகாஷும் அங்கே இருந்தார். இவரைத் தனியே ஒதுக்கி, தோளில் கை போட்டு, மெதுவாகச் சொன்னார். "இன்னாங்க நீங்க, ஓரத்த கிராப் பண்ணிருந்தா யாருக்குத் தெரியப்போவுது? நாங்கள்லாம் பண்றதுதான?"

"குஞ்சு ரெண்டும் செத்துப்போச்சுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

பிரகாஷ் "ஓ" என்றார். பிறகு ஃபோன் வந்ததுபோலப் பார்த்துக்கொண்டே தன் படம் இருந்த பக்கம் போய்விட்டார்.

படத்தைக் கழற்றியவர்கள் கீழே இருந்த பெயர்ச் சீட்டைக் கழற்ற மறந்திருந்தார்கள். காவியா அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். "அசோக்குமார், ஒடுகத்தூர்." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதைப் பிய்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

பெயருக்கு மேலே வெறும் வெள்ளைச் சுவர். அவ்வளவு சுத்தமான பேக்ரவுண்டு எந்தக் கல்யாணத்திலும் அவருக்குக் கிடைத்ததில்லை.